டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் ஒசிம்ஹென்: விலையை விட்டுவிட்டுத் தேதிகளைப் படியுங்கள்

ஐரோப்பிய கிளப் ஒன்றில் ஆடும் ஆப்பிரிக்க முன்கள வீரரைப் பற்றி ஒரு தகவலைச் சரிபார்க்க வேண்டுமென்றால், கால்பந்து ரசிகர்களில் பெரும்பாலோர் இன்று முதலில் திறப்பது டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தைத்தான். மத்தியாஸ் சைடல் 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தொடங்கிய இந்தச் சேவையின் பெரும்பான்மைப் பங்குகளை, 2008இல் ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற ஜெர்மானியப் பதிப்புக் குழுமம் வாங்கியது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரங்களை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை மதிப்பிடுவதற்கு ஒரே ஒரு வீரரின் பக்கத்தை எடுத்துக்கொண்டு அதன் எல்லாப் பகுதிகளையும் பொறுமையாகப் பார்ப்பதுதான் நியாயமான வழி என்று நினைக்கிறேன். நைஜீரியாவின் விக்டர் ஒசிம்ஹென் அதற்கு மிகப் பொருத்தமானவர். ஐந்து நாடுகளில் லீக் ஆட்டம், வேறு கிளப்புக்குக் கடனாக (தற்காலிகமாக) ஆடச் சென்ற இரு பருவங்கள், கடும் காயங்கள், வழக்கு விசாரணை வரை சென்ற ஒரு விற்பனை, இத்தாலியிலும் துருக்கியிலும் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை என்று இந்தத் தளத்தின் எந்தப் பகுதியும் காலியாக இருக்க முடியாத தொழில் வாழ்க்கை அவருடையது.

பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது சந்தை மதிப்பு. பெயருக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், யூரோவில். இந்த எண்ணை எந்தக் கணிப்பொறிச் சூத்திரமும் தருவதில்லை. வயது, அண்மைய ஆட்டம், மீதமுள்ள ஒப்பந்தக் காலம், ஆடும் லீக்கின் தரம் ஆகியவற்றை வைத்து உறுப்பினர்கள் விவாதிக்க, பொறுப்பாளர்கள் அதிலிருந்து ஒரு தொகையை முடிவு செய்கிறார்கள். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வீரரின் வாழ்க்கையை அறிய வந்தவருக்கு இந்தத் தொகை மிகக் குறைந்த அளவுக்கே உதவுகிறது என்பதும், அதையே பக்கத்தின் உச்சியில் வைத்திருப்பது இந்தச் சேவையின் முதன்மையான குறை என்பதும் என் உறுதியான கருத்து. அதன் கீழே, யாரும் அதிகம் கவனிக்காத பகுதிகளில்தான் உண்மையான செல்வம் இருக்கிறது.

அணிமாற்ற வரலாற்று அட்டவணையில் எல்லோரும் கடைசிப் பத்தியான தொகையைப் பார்ப்பார்கள். நான் தேதிப் பத்தியைப் பார்க்கச் சொல்வேன். ஒசிம்ஹென் 2015ஆம் ஆண்டு சிலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 10 கோல்கள் அடித்து அந்தத் தொடரின் சாதனையைப் படைத்தார். மாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் கோல் அடித்தார். நைஜீரியா கோப்பையை வென்றது. அப்படியிருந்தும் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்புர்க் அணியில் அவர் சேர்ந்த தேதி 2017 ஜனவரி என்றே காட்டுகிறது. ஓராண்டுக்கும் மேலான இந்த இடைவெளி ஏன் என்று யோசித்துவிட்டு, அதே பக்கத்தில் பிறந்த தேதியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அவர் 1998 டிசம்பர் 29ஆம் தேதி லாகோஸில் பிறந்தவர். 18 வயது நிரம்பாதவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்புக்கு மாற்றுவதற்கு ஃபிஃபா விதி தடை போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவர்களுக்கு 16 வயதிலேயே கிடைக்கும் விலக்கு, லாகோஸ் சிறுவனுக்குக் கிடையாது. 18 நிரம்பிய சில நாள்களிலேயே அவர் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டார். இதைத் தளம் விளக்கவில்லை. ஆனால் விளங்கிக்கொள்ளத் தேவையான இரண்டு தேதிகளையும் பிழையில்லாமல் தருகிறது. இதுதான் நல்ல தரவுச் சேவையின் இலக்கணம்.

இன்னொரு தேதியும் அப்படித்தான். இத்தாலியின் நாப்போலியிலிருந்து துருக்கியின் கலாத்தாசராய் அணிக்கு அவர் கடனாகச் சென்றது 2024 செப்டம்பர் தொடக்கத்தில். இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அணிமாற்றச் சாளரம் (வீரர்களை மாற்ற அனுமதிக்கும் காலம்) ஆகஸ்ட் 30ஆம் தேதியே மூடிவிட்டது. செல்சியுடனும் சவூதியின் அல் அஹ்லியுடனும் நடந்த பேச்சுகள் கடைசி நேரத்தில் முறிந்தன. நாப்போலி அவருடைய 9ஆம் எண் சட்டையை லுக்காக்குவுக்குக் கொடுத்துவிட்டது. சாளரம் இன்னும் திறந்திருந்த பெரிய லீக்குகளில் ஒன்று துருக்கி. ஓராண்டுக்கு முன் இத்தாலியின் சாம்பியன் அணியில் அதிக கோல் அடித்த வீரர் இஸ்தான்புல்லுக்குச் சென்றது எப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தேதிப் பத்தியில் இருக்கிறது.

ஆனால் வரிசைகளுக்கு இடையில் நடந்தவற்றை இந்த அட்டவணை காட்டாது. வொல்ஃப்ஸ்புர்க்கில் அவர் ஒரு லீக் கோல்கூட அடிக்கவில்லை. புள்ளிவிவரப் பகுதியில் விரிவான பார்வையைத் தேர்ந்தெடுத்தால்தான் அவருக்குக் கிடைத்த நிமிடங்கள் எவ்வளவு சொற்பம், எத்தனை முறை மாற்று ஆட்டக்காரராக மட்டுமே இறங்கினார் என்பது தெரிய வருகிறது. சுருக்கப் பார்வையில் வெறும் பூஜ்யம்தான் நிற்கும். முதலில் திறப்பது சுருக்கப் பார்வை என்பதால், பலர் அந்தப் பூஜ்யத்தோடு போய்விடுகிறார்கள். அதன்பின் 2018 கோடையில் மலேரியாவால் மெலிந்திருந்த நிலையில் பெல்ஜியத்தின் சுல்தே வாரெகெம், கிளப் பிரூக் ஆகிய இரு அணிகளின் தேர்வுக்குச் சென்றார். இரண்டும் அவரை வேண்டாம் என்றன. அதன் பிறகே அதே நாட்டின் ஷார்லெருவா அவரைக் கடனாக எடுத்தது. அங்கே அந்தப் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல்கள். அட்டவணையில் வொல்ஃப்ஸ்புர்க்குக்கு அடுத்த வரி ஷார்லெருவா; அவ்வளவுதான். ஓர் ஆப்பிரிக்க இளைஞனின் ஐரோப்பிய வாழ்க்கை பெரும்பாலும் முடிந்துபோகும் இடமே இப்படிப்பட்ட நிராகரிப்புகளில்தான் என்பதால், இந்தக் குறை எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தில் முடியாத தேர்வுகளைப் பதிவு செய்வது கடினம் என்பது புரிகிறது. அதைச் செய்தித்தாள்களில்தான் தேட வேண்டும்.

காயப் பட்டியல்தான் இந்தத் தளத்தின் மிகச் சிறந்த பகுதி. பருவம், காயத்தின் வகை, தொடங்கிய நாள், முடிந்த நாள், இழந்த நாள்கள், தவறவிட்ட ஆட்டங்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒசிம்ஹென் நாப்போலிக்கு வந்த முதல் பருவத்தில் 24 லீக் ஆட்டங்களில் 10 கோல்கள். இதை மட்டும் பார்த்தவர் இவ்வளவு பணத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்பார். காயப் பட்டியலைத் திறந்தவர் அப்படிக் கேட்க மாட்டார். 2020 நவம்பரில் சியெரா லியோனுக்கு எதிராக நைஜீரியாவுக்கு ஆடும்போது தோள்பட்டை விலகியது. குணமாகி வரும் வேளையில் கொரோனாத் தொற்று. திரும்பி வந்த பின் அட்டலாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடி.

அடுத்த பருவத்தில் 2021 நவம்பர் 21ஆம் தேதி மிலானின் சான் சீரோ அரங்கில் இண்டர் தடுப்பாட்டக்காரர் ஷ்கிரினியருடன் மோதியதில் அவருடைய கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் பல இடங்களில் முறிந்தன. அறுவை சிகிச்சையில் உலோகத் தகடுகள் வைக்கப்பட்டன. கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைத் தொடரை இழந்தார். 2022 ஜனவரி நடுவில் முகக்கவசத்துடன் களத்துக்குத் திரும்பினார். தளத்தில் இது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியில் உள்ள தேதிகளைக் குறித்துக்கொண்டு, கோல்களைத் தனித்தனியாகப் பட்டியலிடும் பகுதிக்குச் செல்லுங்கள். திரும்பி வந்த பின் அவர் அடித்த முதல் கோல் பிப்ரவரி 6ஆம் தேதி வெனேசியாவுக்கு எதிரானது. கோலின் வகை ஹெடர், அதாவது தலையால் முட்டியது. முகம் நொறுங்கி மூன்று மாதம்கூட ஆகாத ஒருவர், மீண்டும் தன் தலையைப் பந்துக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய துணிச்சலைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், இந்த இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு கிடைக்காது. இரண்டையும் ஒரே காலவரிசையில் காட்டும் வசதி மட்டும் இருந்திருந்தால் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

கோல் பட்டியலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எதிரணி, நிமிடம், அந்த நேரத்தின் கோல் நிலவரம், எந்தக் காலால் அல்லது தலையால், பந்தைக் கொடுத்தவர் யார் என்று ஒவ்வொரு கோலுக்கும் விவரம் இருக்கிறது. 2022-23 பருவத்தில் 32 லீக் ஆட்டங்களில் 26 கோல்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த எண். இத்தாலிய லீக்கில் ஒரு பருவத்தின் அதிக கோல் அடித்தவராக அதற்கு முன் எந்த ஆப்பிரிக்கரும் இருந்ததில்லை. பட்டியலின் கீழ்ப்பகுதியில் 2023 மே 4, உதினேசே, 52ஆவது நிமிடம், 1-1 என்று ஒரு வரி இருக்கிறது. முதல் பாதியில் பின்தங்கியிருந்த நாப்போலிக்கு அன்று சமநிலை போதும். கோல்காப்பாளர் தட்டிவிட்ட பந்தை வலைக்குள் அனுப்பி அதைக் கொடுத்தவர் ஒசிம்ஹென். 1990க்குப் பிறகு நாப்போலி வென்ற முதல் லீக் பட்டம் அந்த வரியில் இருக்கிறது. நிலவரப் பத்தி இல்லாவிட்டால் அது 26இல் ஒன்றாக மட்டுமே இருந்திருக்கும்.

தொகைப் பத்திக்கு வருகிறேன். பிரான்சின் லீல் அணியிலிருந்து நாப்போலிக்கு 2020இல் அவர் சென்றபோது சொல்லப்பட்ட தொகை சுமார் 70 மில்லியன் யூரோ. ஆனால் அந்த வணிகத்தின் ஒரு பகுதியாக நாப்போலியின் நான்கு வீரர்கள் லீலுக்குச் சென்றார்கள். அவர்களில் மூவர் முதன்மை அணிக்கு ஆடியிராத இளைஞர்கள். அந்த நால்வருக்கும் இடப்பட்ட விலை குறித்து இத்தாலிய விசாரணை அமைப்புகள் பின்னர் கேள்வி எழுப்பின. தளத்தில் ஒசிம்ஹென்னுக்கு ஒரு தொகை, அந்த நால்வருக்கும் அவரவர் பக்கங்களில் தனித் தொகை. இவற்றைத் தொடர்புபடுத்தும் ஒரு குறிப்புகூட அட்டவணையில் இல்லாததால், புதிதாக வருபவர் ஐந்து தனித்தனி விற்பனைகள் என்றே புரிந்துகொள்வார். 2025 கோடையில் கலாத்தாசராய் அவரை நிரந்தரமாக வாங்கிய 75 மில்லியன் யூரோவும் அப்படித்தான். அதில் 40 மில்லியன் உடனடியாக, மீதி தவணைகளில் என்பது இஸ்தான்புல் பங்குச் சந்தைக்கு அந்த கிளப்பே அளித்த அறிவிப்பில் இருக்கிறது. துருக்கிய கால்பந்தில் இதுவே அதுவரை கண்டிராத தொகை. எனவே தொகைப் பத்தியைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்து இரண்டு வீரர்களை ஒப்பிடுவது சரியாகாது.

துருக்கியில் முதல் பருவத்திலும் லீக்கில் 26 கோல்கள்தான். எல்லாப் போட்டிகளிலும் 37. டிராப்ஸோன்ஸ்போருக்கு எதிரான கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல்கள். லீக்கும் கோப்பையும் கலாத்தாசராய்க்கு. இத்தாலியின் 26ஐயும் துருக்கியின் 26ஐயும் சந்தை மதிப்பு ஒன்றாகக் கருதவில்லை. லீக்கின் தரத்தைக் கணக்கில் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, துருக்கிய லீக்கில் தடுப்பாட்டம் அவ்வளவு இறுக்கமானதல்ல. ஆனால் போட்டி வாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையில் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்: 2025 செப்டம்பரில் லிவர்பூலை 1-0 என வென்ற பெனால்டி, நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸுக்கு எதிராக மூன்று கோல்கள். லீக் எளிது என்ற வாதத்துக்கு அந்தப் பிரிவிலேயே பதில் கிடைக்கிறது.

தேசிய அணி ஆட்டங்கள் தனிப் பகுதியில் இருக்கின்றன. கிளப் கணக்கின் மொத்தத்தில் அவை சேர்வதில்லை. ஆப்பிரிக்க வீரர்களைப் பொறுத்தவரை இது உண்மையிலேயே பாதிக்கிறது. ஆப்பிரிக்கக் கோப்பை பெரும்பாலும் ஐரோப்பியப் பருவத்தின் நடுவில், ஜனவரியை ஒட்டி நடப்பதால், கிளப் பட்டியலில் அந்த வாரங்கள் வெறும் விடுபடல்களாகத் தெரிகின்றன. 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்டில் நடந்த தொடரில் நைஜீரியா இறுதி வரை சென்றது. தளத்தின் கணக்கில் ஒசிம்ஹென்னுக்கு அதில் ஒரே கோல். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நைஜீரியாவின் பெனால்டியைப் பெற்றுத் தந்தவர் அவர், அடித்தவர் துரூஸ்ட்-எக்கோங். பின்னர் ஒசிம்ஹென் பந்தை வலைக்குள் தள்ளிக் கொண்டாடிக்கொண்டிருக்கையில், அந்தத் தாக்குதலுக்கு முன் மறுமுனையில் நைஜீரியா செய்த தவற்றை வீடியோ நடுவர் கண்டறிந்து, கோலை நீக்கித் தென்னாப்பிரிக்காவுக்குப் பெனால்டி கொடுத்தார். 2-0 ஆகியிருக்க வேண்டியது 1-1 ஆனது. நைஜீரியா பிறகு பெனால்டிகளில் வென்றது. அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர் எவரும் அவர் அன்று சாதாரணமாக ஆடினார் என்று சொல்ல மாட்டார். அட்டவணையில் அவருடைய கோல் பத்தியோ காலி.

பழைய தலைமுறையோடு ஒப்பிட விரும்புபவர்கள் ஓர் எச்சரிக்கையுடன் இதைப் பயன்படுத்த வேண்டும். இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடித்த ஆப்பிரிக்கர் என்ற லைபீரிய வீரர் ஜார்ஜ் வியாவின் 46 கோல் கணக்கை ஒசிம்ஹென் 2023இல் தாண்டினார். மிலானில் வியாவின் ஆட்டங்களை இங்கே நன்றாகப் பார்க்க முடிகிறது. ஆனால் 1988இல் மொனாக்கோவுக்கு வருவதற்கு முன் வியா லைபீரியாவிலும் கேமரூனிலும் ஆடினார். அந்தக் கால ஆப்பிரிக்க லீக்குகளின் பதிவுகள் ஐரோப்பாவின் பதிவுகளைப் போல முழுமையானவையல்ல. மொத்தக் கோல் எண்ணிக்கையைத் தவிர்த்து, ஒரே லீக்கின் எண்களை மட்டும் ஒப்பிடுவது பாதுகாப்பானது. ஜெர்மன், இத்தாலியம், துருக்கி உட்படப் பல மொழிகளில் தளம் கிடைக்கிறது, தமிழில் இல்லை. பத்தித் தலைப்புகள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை எண்களும் பெயர்களும்தான் என்பதால் அது பெரிய தடையல்ல. என் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று, சந்தை மதிப்பைப் பக்கத்தின் உச்சியில் வைத்ததற்கும், காயங்களைத் தனி இணைப்புக்குள் ஒதுக்கியதற்கும்.