மாடிக்கு மானியமா, பஸ்ஸுக்குப் பணமா?

பசுமைக்கென்று செலவாகும் அரசுப் பணம் சேலத்தில் யார் வீட்டு வாசலை எட்டுகிறது? இரண்டு திட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, 2024இல் ஒன்றிய அரசு தொடங்கிய மாடிச் சூரிய மின் திட்டம். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான், சேலத்து வெயிலை வீணாக்குவானேன்? ஆனால் சொந்த மாடியும், மீதித் தொகைக்கு வழியும் வேண்டும். அம்மாபேட்டையில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கும் தறிக்காரருக்கு இரண்டும் இல்லை. இரு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால், தகடு பொருத்தினாலும் அவருக்கு மிச்சம் சொற்பமே. ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான் லாபம்.

மற்றொன்று, 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம். சிவதாபுரத்தில் கொலுசுக்குப் பற்றவைக்கும் பெண், கையில் காசில்லாத நாளிலும் ஏறிவிடலாம். பத்திரமும் வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம். குறை என்னவென்றால், தனியார் டவுன் பஸ்களில் இது செல்லாது. அரசு பஸ் தாமதமானால், வேலைக்கு நேரமாகிறதே என்று அவர் தனியார் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

என் ஓட்டு பஸ்ஸுக்கே. காலையும் மாலையும் அரசு பஸ்களைக் கூட்டுங்கள். சூரியத் தகட்டையும் கைவிட வேண்டாம்: குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் இதே திட்டத்தில் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் அதில் ஓடினால், வாடகைக்காரருக்கும் பராமரிப்புக் கட்டணம் குறையும்.