ரப்பர் பூச்சா, மெழுகுப் பூச்சா? பழைய காரின் அடிப்பாகத் துருவுக்கு ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் 2012இல் பதிவான என் ஜப்பானிய செடானின் வாகன உரிமைச் சான்றிதழ் (பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்க உரிமை தரும் சிஓஇ) 2022இல் முடிவுக்கு வந்தபோது, ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பதா, பத்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பதா என்று வீட்டில் பல நாள் பேசினோம். ஐந்தாண்டு என்றால் கட்டணம் பாதிதான். ஆனால் அது முடிந்ததும் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கியே ஆகவேண்டும், மறுபடியும் நீட்டிக்க வழியில்லை. எனவே பத்தாண்டுக்குக் கட்டினோம். ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் கூடுதல் கட்டணம் என எல்லாவற்றையும் கணக்குப் போட்ட நாங்கள், வண்டியின் அடிப்பாகத்தை மட்டும் பார்க்கவில்லை. பணம் கட்டி மூன்று வாரம் கழித்து, எஞ்சின் ஆயில் மாற்றுவதற்காகக் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் வண்டியைத் தூக்கியபோதுதான், பின்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பிலும் துரு படர்ந்திருப்பதைக் கண்டேன். 2032 வரை ஓட வேண்டிய வண்டி அது.

பனியும் சாலை உப்பும் இல்லாத ஊரில் காருக்குத் துரு ஏது என்று இங்கே பலரும் சொல்வார்கள். குளிர்நாடுகளில் காணும் வேகம் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது நமக்கு வாடிக்கை. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளின்மேல் கடற்காற்று உப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது ஏர்கான். ஆண்டு முழுவதும் ஓடும் ஏர்கானின் நீர் ஒரு சிறு குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். அது தூசியால் அடைத்துக்கொண்டால், நீர் முன்னிருக்கைக் காலடிக் கம்பளத்துக்குள் இறங்கித் தேங்கி, தரைத்தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். அதற்குக் கீழேயிருந்து எந்தப் பூச்சைப் பூசியும் பயனில்லை. ஆகவே பட்டறைக்குப் போகும் முன்பே கம்பளத்தைத் தூக்கி, அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

துருவை எடைபோட ஒரு கம்பிப் பிரஷ், ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு டார்ச் ஆகியவை போதும். பிரஷால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்து பளபளப்பான இரும்பு தெரிந்தால் அது மேல்துரு, கவலைப்பட ஒன்றுமில்லை. அடுக்கடுக்காகச் செதிள் பெயர்ந்தால் தகட்டின் பருமனில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டும்போது நல்ல தகடு ணங்கென்று ஒலிக்கும். உள்ளே தின்னப்பட்ட தகடு மொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடத்தில் முனையை வைத்து அழுத்தி, உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கத் தயங்கக் கூடாது. ஜாக் வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், பெட்ரோல் தொட்டியைத் தாங்கும் பட்டைகள், பிரேக் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் மறைவு ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். பாரம் தாங்கும் பகுதியில் ஓட்டை விழுந்திருந்தால் பூச்சைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்றே வழி. செதிளாகிப்போன பிரேக் குழாய்க்கும் பூச்சு மருந்தாகாது, அதை மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டை விழாத, ஆனால் துரு தொடங்கிவிட்ட வண்டிக்குப் பட்டறைகள் முன்வைத்த வழிகள் இரண்டு. தார் அல்லது ரப்பர் கலந்த கறுப்புப் பூச்சை அடிப்பாகம் முழுவதும் தெளித்துக் கெட்டியாக மூடிவிடுவது முதல்வழி. துருவைச் சுரண்டி எடுத்து, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, அதன்மேல் மெழுகோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்போ கலந்த, காய்ந்து இறுகாத பூச்சைத் தெளிப்பது மற்றொன்று. நான் எடுத்தது இரண்டாவது வழி. மூன்றாண்டு கழித்தும் அதே வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

ரப்பர் பூச்சின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவையே. ஒரே நாளில் வேலை முடியும், சாலை இரைச்சல் சற்றுக் குறையும், சிறுகல் அடிபட்டால் தாங்கும், பார்வைக்கும் புதிது போல் இருக்கும். எனக்குச் சொன்ன விலையும் மெழுகு வழியில் பாதிதான். நானும் அதற்கே சம்மதித்திருப்பேன்; அதே மாதம் என் மச்சானின் காரைப் பார்த்திராவிட்டால். 2019இல் ரப்பர் பூச்சு அடித்த கார் அது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. பட்டறைத் தம்பி, வலதுபக்க விளிம்பில் நகக்கண் அளவு தூக்கியிருந்த ஓரிடத்தில் சுரண்டியின் நுனியைக் கொடுத்து, “அண்ணே, இத கையாலயே உரிச்சிடலாம் போலிருக்கு” என்று இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் ஒரே தோலாக உரிந்து வந்தது. அதன் உட்பக்கம் முழுவதும் ஈரமான செம்பழுப்புச் சேறு ஒட்டியிருந்தது. தேங்கியிருந்த தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியாக வழிந்தது. மழை பெய்து நான்கு நாளாகியிருந்தது.

இதற்குப் பூச்சுப் பொருளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தொழிற்சாலையில் வண்டி செய்யும்போதும் அடிப்பாகத்துக்குப் பிவிசி பூச்சு அடிக்கிறார்கள், அது நன்றாகவே உழைக்கிறது. துருவே இல்லாத புதுத்தகட்டை முழுக்கக் கழுவி, மின்முறையில் பிரைமர் ஏற்றி, அதன்மேல் பூசிச் சூளையில் சுடுவதால் வரும் உறுதி அது. துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றின் பெயின்ட் பிரிவில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: பூச்சின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது அது ஒட்டும் பரப்புதான். அங்கே கிரிட் பிளாஸ்டிங் செய்து, அதாவது கூரிய துகள்களைக் காற்றழுத்தத்தால் அடித்து, எஸ்ஏ 2.5 என்ற தூய்மைத் தரத்துக்கு இரும்பை வெளுக்க வைத்த பிறகே பெயின்ட் திறப்போம். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினாலோ, தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இல்லாவிட்டாலோ வேலையை நிறுத்திவிடுவார்கள். பத்தாண்டு சேறும் எண்ணெயும் உப்பும் ஏறிய காரைக் காலையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, மாலையில் அதன்மேல் ரப்பரைத் தெளித்தால், மடிப்புகளுக்குள் நின்ற ஈரத்தையும் சேர்த்தே மூடுகிறோம். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. அது உள்ளே வளர வளரப் பூச்சைத் தள்ளித் தூக்குகிறது, தூக்கிய இடைவெளியில் இன்னும் நீர் புகுகிறது.

மெழுகு வழியில் என் வண்டி பட்டறையில் மூன்று நாள் நின்றது. முதல்நாள் கழுவி, மின்விசிறி வைத்து இரவு முழுவதும் உலர விட்டார்கள். மறுநாள் கம்பிப் பிரஷ் பொருத்திய கிரைண்டரால் செதிள்களைப் போக்கினார்கள். கிரைண்டர் எட்டாத மூலைகளில் டானிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தூரிகையால் தடவியதும், ஒட்டியிருந்த பழுப்பு கருநீலமாக மாறியது. அது மெல்லிய, கெட்டியாக ஒட்டியிருக்கும் துருவுக்கே உதவும். தடித்த செதிளின்மேல் தடவினால் மேல்தோல்தான் கறுக்கும். பிறகு பிரைமர், மூன்றாம் நாள் மெழுகு. கதவடி விளிம்பின் உட்புழைக்குள் நீண்ட குழாயை விட்டும் மெழுகைத் தெளித்தார்கள். அங்கே இருக்கும் நீர்வடி துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

மெழுகுப் பூச்சில் குறைகள் உண்டு. சக்கரங்கள் வாரியடிக்கும் நீரில் அது சில மாதங்களிலேயே கழுவிப் போகிறது. ஆகையால் சக்கர வளைவுகளுக்கு மட்டும், சுத்தமான தகட்டின்மேல் என்றால், ரப்பர் பூச்சே மேல். தூசி ஒட்டும், வெயிலில் நின்றால் முதல் சில வாரம் துளித்துளியாகச் சொட்டும். பிரேக் தட்டுகளிலும் புகைக்குழாயிலும் படக்கூடாது. எண்ணெய்க் கரைப்பான் கலந்தவை சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை ஊதவைக்கும் என்பதால் அவற்றையும் மறைத்துவிட்டே தெளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு கட்டாயம். பலர் பின்வாங்குவது இந்தப் பராமரிப்பைக் கேட்டுத்தான்; நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான்.

பத்து வயதைக் கடந்த காரை எப்படியும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். அதற்கு முன்பு பட்டறையில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பதும் வழக்கம்தான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் மெழுகு விலகி, கீழே உள்ள பிரைமர் அப்படியே தெரிகிறது. சென்ற ஆண்டு அப்படித் துடைத்தபோது, இடப்பக்க விளிம்பின் இணைப்பில் ஐம்பது காசு நாணய அளவுக்குத் துரு மறுபடி எழுந்திருந்தது. அரைநாளில் சுரண்டிப் பிரைமர் பூசி முடித்தோம். இதே புள்ளி ரப்பருக்கு அடியில் எழுந்திருந்தால், தகடு உப்பி வெளியே தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அதற்குள் பிரஷ் வேலை வெல்டிங் வேலையாகியிருக்கும். மறுபூச்சைப் பரிசோதனை முடிந்த பிறகே அடிக்கிறேன். பரிசோதகர் கண்ணுக்கும் தகடு மறையாமல் இருப்பது நல்லது.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை, இங்கே பழைய காரின் விலை சான்றிதழில் மீதமிருக்கும் காலத்தை ஒட்டியே அமைகிறது. பூச்சு அதைப் பெரிதாகக் கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிதாகக் கறுப்படித்த அடிப்பாகத்தைக் கண்டால் நான் வாங்கமாட்டேன், என் பட்டறைத் தம்பியும் வாங்கவிடமாட்டார். இந்த வண்டியை நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. மூன்றாண்டுப் பட்டறிவை வைத்துப் பத்தாண்டுக்கு உறுதி சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

மச்சான் தம் காரை 2023இல் ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறார். 2028இல் பதிவுநீக்கம் ஆகப்போகும் வண்டிக்கு மூன்று நாள் வேலை தேவையில்லை என்று அவருக்குச் சொன்னேன். தூக்கியிருந்த ரப்பரை மட்டும் உரித்து, வலதுபக்க ஜாக் இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டில் உட்புறப் பெயின்ட் கருகிய இடத்துக்கு உள்ளே மெழுகு தெளித்தோம். நன்றாக ஒட்டியிருக்கும் மிச்ச ரப்பரை உரிக்காமல் விட்டுவிட்டு, அதன் ஓரங்களை மட்டும் பரிசோதனைக்குப் பரிசோதனை நகத்தால் கீறிப் பார்த்து வருகிறார்.