இருபது கொண்டை ஊசியும் மூன்று கார் ரேஸ் கேமும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் வருடக்கணக்காக டெம்போ ஓட்டிய என் மாமா, நான் கேம் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். கிராஃபிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வளைவுக்கு எவ்வளவு முன்னால் பிரேக் பிடிக்கிறேன் என்பதிலேயே அவர் கண் இருக்கும். அவரோடு பார்த்துப் பார்த்து எனக்கும் அதே புத்தி வந்துவிட்டது.

2021இல் வந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் மெக்சிகோ முழுக்கச் சுற்றலாம். ஐந்நூறுக்கு மேல் கார்கள். எரிமலைக்கு ஏறும் ரோட்டில் சாயங்கால வெளிச்சத்தில் போனால் மனசு லேசாகிவிடும். இறங்கும்போதுதான் வேடிக்கை. வளைவில் திரும்ப வேண்டிய கட்டாயமே இல்லை. சரிவில் நேராக விட்டு, செடிகளை முறித்துக்கொண்டு கீழ் ரோட்டில் போய்ச் சேரலாம். தப்பாகிவிட்டதா? ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி பின்னோக்கிப் போய்ப் பழைய இடத்தில் நிற்கும். "இந்த பட்டன் நம்ம ரோட்டுல இருந்தா அடிவாரத்துல பாதி மெக்கானிக் பொழப்பு போயிடும் மாப்ள" என்றார் மாமா.

எனக்கு எரிச்சல் பரிசுகள்மேல்தான். சும்மா இருந்தாலும் பரிசுச் சக்கரம் சுற்றி ஒரு கார் வந்து விழுகிறது. தட்டுவடை செட்டுக்குக் கொசுறு கொடுத்தால் சந்தோஷம். தட்டு முழுக்கக் கொசுறாகவே இருந்தால் எதைத் தின்பது?

கிரான் டூரிஸ்மோ 7 (2022) அதற்கு நேர் எதிர். பிளேஸ்டேஷனில் மட்டும்தான் கிடைக்கும். காரின் எடை கையில் தெரிவது இதில்தான். பிளேஸ்டேஷன் 5இல் ஆடினால் பிரேக் பட்டன் விரலை எதிர்த்துத் தள்ளும். வெளிவந்தபோதே ஐந்து லைசென்ஸ், ஒவ்வொன்றுக்கும் பத்துத் தேர்வு. ஒரே ஒரு வளைவுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், அலுக்கவில்லை. ஆனால் ரேஸ் என்று வந்தால், எதிராளிகள் முன்னாலேயே வரிசையாகக் கிளம்பிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவராகத் துரத்திப் பிடிப்பதுதான் வேலை. சில பழைய ரேஸ் கார்களின் விலை 2 கோடி கிரெடிட். பொறுமை இல்லாதவர் நிஜக் காசைக் கொட்டலாம். தனியாக ஆடுவதற்கும் பெரும்பாலும் நெட் வேண்டும். 2022 மார்ச்சில் சர்வர் ஒரு நாளுக்கு மேல் படுத்தபோது உலகமே காத்திருந்தது. தூறல் போட்டாலே கரண்ட் போகும் எங்கள் தெருவில் இது சரிப்பட்டு வராது.

அப்புறம் டர்ட் ராலி 2.0: பெரும்பாலும் மண் ரோட்டில், தனியாக, நேரத்தோடு போட்டி போடும் கேம். 2019இல் வந்தது, பார்க்க மற்ற இரண்டு அளவுக்கு அழகில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வளைவுகளை நம்பர் போட்டுச் சொல்லிக்கொண்டே வருவார்: ஆறு என்றால் லேசாகத் திருப்பினால் போதும், ஒன்று என்றால் நன்றாகக் குறைக்க வேண்டும், கொண்டை ஊசிக்குத் தனிப் பெயர். அர்ஜென்டினா மலை ரோட்டில் வண்டி நுழைய மட்டும்தான் இடம், ஓரத்தில் பாறை. பின்னோக்கிப் போகும் பட்டன் இல்லை. இடித்தால் டயர் பஞ்சராகும், ரேடியேட்டர் ஒழுகும், ராத்திரியில் ஹெட்லைட் போனால் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

அங்கே ஒரு இறக்கத்தில் நான் ஆறேழு தடவை பாறையில் மோதினேன். மாமா பொறுக்கமாட்டாமல், "எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கணும். இஞ்சின் பிடிச்சுக்கும், பிரேக்கை ஏன் சாகடிக்கிற?" என்றார். ஆட்டோமேட்டிக்கை அணைத்து, இரண்டாவது கியரில் வைத்து இறங்கினேன். இஞ்சின் உறும, வண்டி அடங்கி வந்தது. ஹேண்ட் பிரேக்கை ஒரு தட்டு, பின்பக்கம் சுழன்றது, பாறை ஒரு சாண் தள்ளிப் போனது. எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது.

இதிலும் குறை இருக்கிறது. தார் ரோட்டில் வண்டி மிதப்பதுபோல இருக்கும். புதிதாக வருபவருக்கு எதையும் பொறுமையாகச் சொல்லித் தராது. முந்தைய கேமில் இருந்த மான்டி கார்லோ, ஸ்வீடன் ரோடுகளையே திரும்பத் தனிக் காசுக்கு விற்றார்கள், அது கொஞ்சம் அநியாயம்.

லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஃபோர்ஸா போதும். காரை ரசிப்பவருக்கு, நெட் ஒழுங்காக இருந்தால், கிரான் டூரிஸ்மோ. என் ஓட்டு டர்ட் ராலிக்கு. மாமாவுக்கு மூன்றுமே அரைகுறைதான்: எதிரே ஏறி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிடும் வேலை எதிலும் இல்லையாம். ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை அர்ஜென்டினாவைக் கீறல் விழாமல் முடித்துக் கடைசி இடம் வாங்கினார். வளைவுக்கு வளைவு ஹாரன் பட்டனைத் தேடியதில்தான் நேரம் போனது.