ஜனவரி காலையில் 'டப் டப்': தில்லியில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்?

மயூர் விஹார் நண்பர் ஒருவர் கேட்டார்: "காலையில் 4 டிகிரிக்கு இறங்குதே, காருக்கு வின்டர் டயர் போட்டுடலாமா?" வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே இறுகாமல் இருக்கத்தான் அந்த ரப்பரை அவ்வளவு மிருதுவாகச் செய்கிறார்கள். இங்கே ஜனவரியிலேயே மத்தியானம் 20 டிகிரி. ஏப்ரல் வெயிலில் பட்டன்கள் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள்) நெளிந்து சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கத் தூரம் கூடும். போதாக்குறைக்கு 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேறு.

ஆகவே போட்டி கோடை டயருக்கும், எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசனுக்கும்தான். என் காரில் கோடை டயரில் மூன்று குளிர்காலம், ஆல் சீசனில் ஒன்று ஓடியாயிற்று. கோடை டயரின் ஒரே தலைவலி அந்த 'டப் டப்'. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தரையைத் தொட்ட பாகம் தட்டையாகி, குளிரில் அப்படியே இறுகிவிடுகிறது. டயர் சூடேறி 10, 15 கிலோமீட்டர் ஓடியதும் தானாகப் போய்விடும். கடைக்காரர் இதைக் கேட்டதும் "பேலன்சிங் போயிடுச்சு சார்" என்று பில் போடுவார். பேலன்சிங் கோளாறு என்றால் ஸ்டியரிங் நடுக்கம் பெரும்பாலும் 80, 100 வேகத்தில்தான் தெரியும், எத்தனை தூரம் ஓடினாலும் போகாது. 'டப் டப்' கிளம்பின முதல் தெருவிலேயே தட்டும், பிறகு அடங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் காற்றைச் சில பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள்.

காற்றைக் கவனிக்காதவர்களுக்குத் தனிப் பாடம் உண்டு: மே மாதம் 45 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. பிடித்துவிட்டு மறந்தால், 5 டிகிரிக் காலையில் அது சுமார் 27. டாஷ்போர்டில் விளக்கு எரிவதற்கு சென்சாரைத் திட்டிப் பயனில்லை.

ஆல் சீசனைப் பாராட்டியே ஆகவேண்டும். பனிமூட்டத்தில் நனைந்த ரோட்டில் முதல் பிரேக்கே பிடித்தது, 'டப் டப்' பாதியாகக் குறைந்தது. வாங்கும்போது பக்கச் சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் உள்ள முத்திரையைத் தேடுங்கள். வெறும் 'எம் பிளஸ் எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றால் பனிச் சோதனையில் தேறியது என்று அர்த்தமில்லை. 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள், 3224 என்றால் 2024-இன் 32-ஆம் வாரம் தயாரான டயர். வேகக் குறியீடு (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) பழைய டயரைவிடக் குறையக்கூடாது. முன்பின் அகலம் வேறாக இருந்தால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போடவும் முடியாது.

ஆனால் மே மாதம் வளைவில் திருப்பினால் ஆல் சீசன் பட்டன்களில் உள்ள மெல்லிய வெட்டுகளால் அவை நெளிந்து, ஸ்டியரிங் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. இவ்வளவு விலை கொடுத்த காரில் அதை மட்டும் சகிக்க முடியவில்லை. அடுத்த செட் கோடை டயர்தான். 'டப் டப்' அடிக்கட்டும்.