அரிவாள் செல் நோய்: புது மரபணுவா, பழைய மரபணுவை எழுப்புவதா?

ஹீமோகுளோபின் மரபணுக் கோளாறால் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாள் செல் நோய்க்கு 2023 டிசம்பர் 8 அன்று அமெரிக்கா ஒரே நாளில் இரண்டு மரபணுச் சிகிச்சைகளை அனுமதித்தது. லைஃப்ஜீனியா நேர்வழி: நல்ல ஹீமோகுளோபினுக்கான மரபணுவை வைரஸ் மூலம் ரத்த ஸ்டெம் செல்லுக்குள் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) சேர்க்கிறது.

இரண்டாவதான காஸ்கெவி புது மரபணு எதையும் தருவதில்லை. கருவில் ஹீமோகுளோபின் செய்ய இயங்கிய காமா குளோபின் மரபணுவைப் பிறந்தபின் பிசிஎல்11ஏ என்ற புரதம் அடக்கிவிடுகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவின் இயக்கத்தைத் தூண்டும் என்ஹான்சர் என்ற டிஎன்ஏ பகுதியை, மரபணுக் கத்தரியான கிரிஸ்பர் வெட்டுகிறது; அடக்குமுறை தளர்ந்து காமா குளோபின் மீண்டும் எழுகிறது, அரிவாள் வடிவாகாத ஹீமோகுளோபின் கிடைக்கிறது. அந்த என்ஹான்சர் சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் வேலை செய்வதால், மற்ற செல்களில் பிசிஎல்11ஏ அப்படியே இருக்கும். கெட்டிக்காரத்தனம்தான்!

லைஃப்ஜீனியாவுக்கு ரத்தப் புற்றுநோய் எச்சரிக்கை உண்டு. அறிவித்த விலையும் 31 லட்சம் டாலர், காஸ்கெவி 22 லட்சம். என் சாய்வு காஸ்கெவி பக்கம். சரி, மாற்றிய செல்களுக்கு இடம் தர எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்யும் கடும் கீமோதெரபி? அது இரண்டுக்குமே உண்டு.