நுவரெலியாவா, எல்லவா?

வன்னியிலிருந்து வான் பிடித்து மலைநாடு போகிறவர்களுக்கு ஊர் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு முழுநாள்தான். அதில் நுவரெலியா, எல்ல என்ற இரண்டு ஊர்களில் எதைப் பார்ப்பது?

பயணம்: ஏ9 வீதி கண்டியோடு முடியும். அங்கிருந்து நுவரெலியா கிட்ட. எல்லவுக்கு வளைவுகள் இன்னும் அதிகம். வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள்.

நடை: நுவரெலியாப் பக்கம் சீதையம்மன் கோயில், ஹக்கல பூங்கா, கிறகரி வாவி எல்லாமே வீதியோரம். அம்மம்மாவும் வரலாம். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கே இறங்கி ஏறவேண்டும். மழையென்றால் செருப்பு வழுக்கும். ஆனால் காட்டுக்குள்ளிருந்து கோச்சி (ரயில்) வளைந்து பாலத்தில் ஏறும் அந்த நிமிடத்துக்கு நுவரெலியாவில் ஈடில்லை. ஓடும் நேரத்தை முதலே விசாரியுங்கள்.

குளிர்: நுவரெலியாவுக்கு சுவெற்றர் கட்டாயம். எல்ல பரவாயில்லை.

செலவு: ஏப்ரலில் நுவரெலியா அறை வாடகை எகிறும்.

குடும்பத்தோடு என்றால் நுவரெலியா, இளசுகள் மட்டும் என்றால் எல்ல.