பிசாரோவின் தடத்தில் மூன்று மணி நேரம்: லிமா நடைச் சுற்றுலா குறித்து

பெருவின் தலைநகரான லிமாவில், இன்கா பேரரசை வீழ்த்தி, 1535-இல் அந்நகரை நிறுவிய ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோவின் வாழ்க்கையை, அவர் வாழ்ந்து மடிந்த பழைய நகரப் பகுதியிலேயே நடந்தபடி விளக்கும் சுற்றுலா ஒன்றில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால், கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் கிடைத்தது.

சுற்றுலாவின் உயிர் பேராலயத்தில்தான் இருக்கிறது. நுழைந்ததும் வலப்பக்கம் உள்ள சிற்றாலயத்தில் பிசாரோவின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளன. 1891 முதல் பல்லாண்டுகள் வேறொருவரின் உலர்ந்த உடலையே அவருடையது என்று நம்பிக் கண்ணாடிப் பேழையில் காட்டிவந்தார்கள். 1977-இல் நிலவறையில் வேலை செய்தவர்களுக்கு அவர் பெயர் பொறித்த ஈயப் பெட்டி கிடைத்தது; அதனுள் ஒரு மண்டையோடு இருந்தது. தலையிலும் கழுத்திலும் விழுந்த வெட்டுக்காயங்களை ஆய்வாளர்கள் எலும்பிலேயே கண்டார்கள். 1538-இல் பிசாரோ தரப்பினரால் கொல்லப்பட்ட அவருடைய பழைய கூட்டாளி அல்மாக்ரோவின் ஆட்கள், 1541 ஜூன் 26 அன்று பிசாரோவின் வீட்டுக்குள் புகுந்து அவரை வெட்டிச் சாய்த்த கதையை, அந்த வீடு இருந்த இடத்தில் இன்று நிற்கும் அரசு மாளிகையின் எதிரே நின்று கேட்டபோது மெய்சிலிர்த்தது.

வழிகாட்டி காட்டிய கையொப்ப நகலையும் மறக்க முடியவில்லை. பிசாரோவுக்கு எழுதத் தெரியாது. அவர் இரண்டு சுழிகளை மட்டும் வரைந்து கொடுப்பார்; நடுவில் பெயரை எழுத்தர் எழுதுவார். ஒரு பேரரசை வீழ்த்திய கையின் தடம் அவ்வளவுதான்.

குறை என்றால், கஹாமார்க்கா நகரில் நடந்ததைப் பத்தே நிமிடத்தில் முடித்ததுதான். 1532 நவம்பர் 16 அன்று அங்கே 168 ஸ்பானியர்கள் இன்கா மன்னர் அட்டவால்பாவைச் சிறைபிடித்ததற்குக் குதிரையும் துணிச்சலும் மட்டுமே காரணம் என்பதுபோல் சொன்னார்கள். அதற்கு முன்பே கொள்ளைநோய் பரவியதும், அரியணைக்காக அட்டவால்பாவும் அவருடைய சகோதரர் உவாஸ்காரும் உள்நாட்டுப் போரில் மோதியதும், பின்னர் கன்யாரி, உவாங்கா மக்கள் இன்காக்கள் மீதிருந்த பகையால் ஸ்பானியர்களோடு சேர்ந்ததும் பேசப்படவே இல்லை. ஓர் அறை கொள்ளும் பொன்னை மீட்புப்பொருளாக வாங்கிக்கொண்டு, அதன் பிறகும் 1533-இல் அட்டவால்பாவைக் கொன்ற துரோகம் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனது. கொன்றவருடைய காயங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குபவர்கள், கொல்லப்பட்டவருக்கு அரை மணி நேரமாவது தந்திருக்க வேண்டும்.

ஆயினும், பேராலயப் பகுதிக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். காலைக் குழுவில் சேருவது நல்லது. கூட்டம் கூடுவதற்கு முன்பே சிற்றாலயத்தில் அமைதியாக நிற்க முடியும். கஹாமார்க்காவைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டுச் சென்றால், கேட்க வேண்டிய கேள்விகள் உங்களிடம் இருக்கும். வழிகாட்டி பதில் சொல்லத் தயங்குபவர் அல்லர்.